முகக்கவசம் அணிந்தாரைக் காக்குமா?

ஒரு வினாவிற்கு விடை காணுமுன்னரே இரு கட்சியாகப் பிரிந்து வழக்காடுதல் மக்கள் இயல்பு. காற்றின் வழியே பரவும் வைரஸ் நோய்களினின்றும் முகக்கவசமானது அதனை அணிந்தாரைக் காக்குமா என்னும் வினாவும் 2020ஆம் ஆண்டு தொடங்கி உலகெங்கும் அவ்வாறே வழக்காடப்பட்டது. ஒரு சாரார் அதனைக் கர்ணனுடைய கவசம்போற் போற்றினர். மற்றொரு சாரார் அது வீண் வேடமென இகழ்ந்தனர். இன்றோ அக்கவசங்கள் பெரும்பாலும் வீடுகளின் இழுப்பறைகளில் மடிந்து கிடக்கின்றன. வழக்கு மட்டும் தீர்ந்தபாடில்லை.

தீராத இவ்வழக்கினை இப்போது எடுத்துப் பேசுவானேன் என்று சிலர் வினவலாம். நோய் ஊரைச் சூழ்ந்த காலத்தில் அச்சமும் சினமும் அறிவை மறைக்கும். அமைதியான காலமே ஆராய்ச்சிக்குத் தக்கது. மேலும், நம் கலாசாலையிற் பயின்று வெளியேறியோருள் வைத்தியரும் தாதியரும் ஆய்வுக்கூடத்தாரும் பலர் உளர். இனி அவ்வழிச் செல்லவிருக்கும் மாணாக்கரும் உளர். அவர்களுக்கு இது திண்ணைப் பேச்சன்று. தம் உயிரைப் பற்றிய பேச்சு. ஆகலின் எம் கருத்தை முன்னரே கூறிவிடுகின்றோம். முகக்கவசம் அணிந்தாரைக் காக்கும். ஆயின் எவ்வளவு காக்கும் என்பது அது எதனாற் செய்யப்பட்டது, முகத்தோடு எவ்வளவு பொருந்தியது, எவ்வளவு நேரம் விடாது அணியப்பட்டது என்பவற்றைப் பொறுத்தது. இவற்றை விடுத்து ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரு சொல்லில் விடையிறுப்போர் இரு கட்சியிலும் மக்களை மயங்கச் செய்கின்றனர்.

முதற்கண், எதனைத் தடுக்க முயல்கின்றோம் என்பதை அறிதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் பிரெஸ்லௌ நகரில் பிளூகே என்னும் அறிஞர், மனிதன் பேசும்போதும் இருமும்போதும் கிருமிகள் நிறைந்த நீர்த்திவலைகள் சிதறுகின்றன என்பதைக் காட்டினார். அதே நகரில் மிகுலிச் என்னும் அறுவை வைத்தியர் 1897இல் மெல்லிய வலைத்துணியால் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு அறுவை செய்யலானார். அவர் கருதியது தம் பாதுகாப்பன்று. திறந்து கிடக்கும் புண்ணில் தம் எச்சில் வீழலாகாது என்பதே. இன்று நாம் காணும் நீல நிற அறுவைக்கூடக் கவசம் இம்மரபில் வந்தது. பிறரைக் காக்கப் பிறந்த ஒன்றனிடம் அணிந்தாரை ஏன் முற்றுங் காக்கவில்லை என்று குறை கூறுகின்றோம் என்பதை நினைவிற் கொள்ளுதல் நலம்.

பின்னர் 1934இல் அமெரிக்கரான வெல்ஸ் என்பவர், பெருந்திவலைகள் விரைவில் தரையில் வீழ்ந்துவிட, சிறுதிவலைகள் வீழுமுன்னரே உலர்ந்து நுண்துகள்களாகிக் காற்றில் நெடுநேரம் மிதக்கும் என்று விளக்கினார். ஊதுவத்தியின் புகை அறை முழுதும் பரவுமாறுபோல இவை பரவும். இவ்வுண்மையை 2020இல் உலகச் சுகாதார நிறுவனம் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. கோவிட் நோய் காற்றிற் பரவுவதன்று என்றே அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் அது பறைசாற்றியது. அதே மார்ச்சு மாதம் 10ஆம் நாளன்று வாஷிங்டன் மாகாணத்து ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் ஒரு பாடகர் குழுவினர் 61 பேர் இரண்டரை மணி நேரம் கூடிப் பாடிப் பழகினர். ஒருவருக்கு மட்டும் அப்போது நோய்க்குறி இருந்தது. சில நாட்களுள் அவரோடு சேர்த்து 53 பேர் நோயுற்றனர், இருவர் மாண்டனர். பாடற் குழுவிற் பயின்றோர் நம்மிடையே பலராதலின், அவ்வறையை மனக்கண்ணாற் காண்பது அரிதன்று. ஒருவர் எதிரில் ஒருவர் நின்று தும்மியதால் இத்தனை பேருக்கும் நோய் வந்திராது. அறையின் காற்றே நோயைச் சுமந்திருத்தல் வேண்டும். அந்நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானியாயிருந்தவரும் நம் சென்னையைச் சார்ந்தவருமான டாக்டர் சௌமியா சுவாமிநாதன், 2022இல் பதவியினின்று விலகுங்காலத்து, இதனை முன்னரே ஒப்புக்கொண்டிருத்தல் வேண்டும் என்னும் பொருள்பட வெளிப்படையாகக் கூறினார். பெரிய பதவியில் இருந்தோர் அவ்வாறு கூறுதல் அரிது.

நோய் நுண்துகளாய் மிதப்பதாயின் துணி எங்ஙனம் தடுக்கும்? வைரஸோ ஏறத்தாழ 0.1 மைக்ரான் அளவினது. துணியின் கண்களோ அதனினும் பன்மடங்கு பெரியன. கொசுவலையைக் கொண்டு புகையைத் தடுக்கலாமோ என்பது எதிர்க்கட்சியார் விடுக்கும் கேள்வி. கேட்பதற்கு இது வெல்லவியலாத வாதம்போல் தோன்றும். ஆயினும் இதில் இரு பிழைகள் உள. வைரஸ் தனியே பறப்பதில்லை. உமிழ்நீரும் சளியும் உலர்ந்த துகளின்மேல் ஏறியே வருகின்றது. ஆதலின் துகளின் அளவே கணக்கு, வைரஸின் அளவன்று. அதனினும் பெரிய பிழை, வடிகட்டும் இழைமத்தைச் சல்லடையென எண்ணுவது. சல்லடை, துளையினும் பெரியதை நிறுத்தும், சிறியதை விடும். இழைமம் அவ்வாறு வேலை செய்வதன்று. அது நெருக்கமாய் மரங்கள் வளர்ந்த காட்டைப் போன்றது. காற்று மரங்களுக்கிடையே வளைந்து செல்லும். கனத்த துகள்கள் வளையமாட்டாமல் நேரே சென்று இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறிய துகள்களோ காற்றணுக்களால் இடையறாது இடிபட்டு, கள்ளுண்டவன் நடைபோல அங்குமிங்கும் அலைந்து ஏதேனும் ஓரிழையிற் படும். ஒருமுறை பட்டது மீண்டு வருவதில்லை. ஆகவே, மிகப் பெரியனவும் சிக்கும், மிகச் சிறியனவும் சிக்கும். நேரே மோதுதற்கும் போதாமல் அலைதற்கும் போதாமல் நடுவிலுள்ள 0.3 மைக்ரான் அளவினவே தப்பிச் செல்வதில் வல்லன. என்95 என்னும் கவசத்தின் பெயரிலுள்ள 95 என்னும் எண், ஏறத்தாழ அவ்வளவினதாகிய, பிடிப்பதற்கு மிக அரிய துகள்களில் நூற்றுக்கு 95ஐயேனும் அவ்விழைமம் தடுத்தல் வேண்டும் என்பதைக் குறிப்பது. அமெரிக்காவில் 1995இல் இவ்வளவை விதிக்கப்பட்டது. அவ்விழைகளுக்கு நிலையான மின்னூட்டம் ஏற்றப்படுகின்றது; துகள்களை அது தன்பால் இழுக்கும். என்95 கவசத்தைச் சோப்பிட்டுத் துவைத்துக் கொடியில் உலர்த்திய வீடுகளை அந்நாட்களிற் கண்டோம். துவைத்தபின் அது தூய்மையாய் இருந்திருக்கும். ஆயின் மின்னூட்டம் குன்றியபின் அதன் திறனும் குன்றியிருக்கும்.

இழைமத்தின் பெருமை இவ்வாறாக, இனி அதன் விளிம்பிற்கு வருவோம். எம் கருத்தில் இவ்வழக்கின் உயிர்நிலை இதுவே. கர்ணனது கவசம் உடலோடு பிறந்தது. உடலுக்கும் அதற்கும் இடைவெளி இல்லை. கடையில் வாங்கிய கவசத்திற்கோ மூக்கின் இரு புறமும் இடைவெளி, கன்னத்தில் இடைவெளி, தாடைக்குக் கீழ் இடைவெளி. காற்று எளிய வழியையே நாடும். இழைமத்தினூடே புகுவதற்குத் தடையுண்டு, இடைவெளியினூடே தடையில்லை. ஆதலின் உள்ளிழுக்கும் மூச்சிற் பெரும் பகுதி வடிகட்டப்படாமலே பக்கவழியாக நுழைகின்றது. மூக்குக்கண்ணாடி அணிவோருக்கு இதற்கு ஒரு சான்று கண்ணெதிரே உண்டு. கண்ணாடியில் மூச்சின் ஆவி படியுமாயின், மேல்விளிம்பில் வாயில் திறந்திருக்கின்றது என்று பொருள். தாடி வளர்த்தோர்க்கும் இவ்வாறே; மயிரினூடே காற்று தடையின்றிச் செல்லும்.

இவ்விடைவெளி எவ்வளவு கேடு செய்யும் என்பதை அமெரிக்க நோய்த்தடுப்பு நிலையத்தார் பொம்மைத் தலைகளைக் கொண்டு ஆராய்ந்து 2021 பிப்ரவரியில் வெளியிட்டனர். நோய் பரப்பும் பொம்மைக்குக் கவசமில்லை. எதிரிலுள்ள பொம்மைக்கு மட்டும் அறுவைக்கூடக் கவசம் அணிவித்து, அதன் காதுக் கயிறுகளை முடிச்சிட்டுப் பக்கத்து மடிப்புகளை உட்செருகிப் பொருந்தச் செய்தபோது, அது உட்கொண்ட துகள்கள் நூற்றுக்கு 64.5 குறைந்தன. அக்கவசத்தின்மேல் ஒரு துணிக்கவசத்தை இறுக்கி அணிவித்தபோது 83 குறைந்தன. இரு பொம்மைகளும் அவ்வாறு அணிந்தபோது ஏறத்தாழ 96 குறைந்தன. பொம்மை பேசுவதில்லை, வியர்ப்பதில்லை, கவசத்தைத் தாடைக்கு இழுத்துவிடுவதும் இல்லை. ஆயினும், அதே கவசம் ஒரு முடிச்சினால் வேறொன்றாகிவிடுகின்றது என்பதை இவ்வாராய்ச்சி ஐயமறக் காட்டியது.

இங்கு ஒரு பழைய வரலாற்றைக் கூறாமல் மேற்செல்ல மனமில்லை. 1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரற் பிளேக்கு என்னும் கொடுநோய் பரவிற்று. அது வைரஸால் விளைவதன்று, பாக்டீரியாவால் விளைவது. எனினும் மூச்சின் வழிப் பரவுவது. அதனை அடக்கும்படி சீன அரசினர் அனுப்பிய வைத்தியர் பினாங்கிற் பிறந்து கேம்பிரிட்ஜில் பயின்ற ஊ லியன்-தே என்பவர். அப்போது அவருக்கு வயது 31. எலியாலன்று, மூச்சாலேயே இந்நோய் பரவுகின்றது என்று துணிந்து, பஞ்சை வலைத்துணியிற் பொதிந்து தலையைச் சுற்றி இறுகக் கட்டும் கவசத்தை அணியுமாறு அவர் பணித்தார். மெனி என்னும் பிரெஞ்சு வைத்தியர், வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர், அக்கூற்றை ஏற்காமல் வெறுமுகத்தோடு நோயாளரைச் சோதித்தார். சில நாட்களுள் அந்நோயாலேயே 1911 ஜனவரியில் இறந்தார். அவ்வோர் இறப்பினால் ஒரு கொள்கை நிலைநாட்டப்படாது என்பதை யாம் அறிவோம். ஏறத்தாழ 60,000 பேரைக் கொன்ற அந்நோய், பல தடுப்புமுறைகள் ஒருங்கே கையாளப்பட்டதனால் சில மாதங்களில் அடங்கியது. எனினும், பஞ்சு அடர்ந்திருத்தலும் கட்டு இறுகியிருத்தலும் வேண்டுமென்று ஊ லியன்-தே அன்றே உணர்ந்திருந்தார். எட்டாண்டுகளுக்குப் பின் இன்புளூயன்சா பரவிய காலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகரத்தார் முகமூடாதோரைத் தண்டிக்கச் சட்டமியற்றினர். கட்டியதோ தளர்ந்த மெல்லிய வலைத்துணி. அதனை எதிர்த்து 1919இல் ஒரு சங்கமே எழுந்தது. கலிபோர்னியச் சுகாதாரத் துறையினரான கெல்லாக் என்பவர் பின்னர் அத்துணியை ஆராய்ந்து, கிருமியைத் தடுக்கும் அளவிற்கு அடுக்குகளைக் கூட்டினால் மூச்சு முட்டிக் காற்று விளிம்பின் வழியே பாய்கின்றது என்று 1920இல் எழுதினார். நூறாண்டுகளுக்குப் பின்னும் நம் வழக்கு அவ்விளிம்பிலேயே நிற்கின்றது.

இனி, மனிதரிடையே நிகழ்த்திய சோதனைகள். டென்மார்க்கில் 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஏறத்தாழ 6,000 பேரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியார்க்கு அறுவைக்கூடக் கவசங்களை அளித்து, வெளியிற் செல்லும்போது அணியுமாறு கூறினர். அக்காலத்தில் அந்நாட்டு மக்கள் பெரும்பாலும் கவசம் அணியாதவராதலின், அணிந்தாரை அது காக்குமா என்னும் நம் வினாவிற்கே நேராக அமைந்த சோதனை இது. ஒரு மாத இறுதியில் அணியச் சொல்லப்பட்டோருள் 42 பேர்க்கும் மற்றையோருள் 53 பேர்க்கும் நோய்த்தொற்றுக் காணப்பட்டது. அஃதாவது நூற்றுக்கு 1.8, 2.1. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம். பாதியளவு காத்திருக்கவுங் கூடும். சிறிது கேடு செய்திருக்கவுங் கூடும். இச்சோதனையால் இரண்டையும் மறுக்க இயலவில்லை. இதனைக் கண்டு கவசம் பயனற்றதென மெய்ப்பிக்கப்பட்டது என்று ஆரவாரித்தோர் கணிதம் அறியாதார். நன்மை மெய்ப்பிக்கப்பட்டது என்றாரும் அவ்வாறே. அணியச் சொல்லப்பட்டோருள் சொன்னபடியே முழுதும் அணிந்ததாகக் கூறியோர் நூற்றுக்கு 46 பேரே என்பதனை இருவரும் எடுத்துரைப்பதில்லை.

நூறு பேர்க்குக் குடை கொடுத்து, மழைக்காலத்தில் எடுத்துச் செல்லுங்கள் என்கின்றோம். ஐம்பது பேர் வீட்டில் வைத்துவிட்டுச் செல்கின்றனர். சிலர் மழை வரும்போது விரிக்க மறக்கின்றனர். மாலையில் நனைந்தோரை எண்ணிக் குடை மழையைத் தடுக்காது என்று தீர்ப்புக் கூறலாமா? அச்சோதனை அளந்தது குடையை அன்று. குடை கொடுக்கும் திட்டத்தை. அரசினர்க்கு அதனை அறிவதும் வேண்டியதே; செலவிடும் பணம் அவர்களது. ஆயின், யான் ஒழுங்காக அணிந்தால் எனக்கு என்ன பயன் என்று கேட்கும் தாதிக்கு அது விடையன்று.

வங்காளதேசத்தில் 600 கிராமங்களில் 3,40,000க்கு மேற்பட்ட வயதுவந்தோரிடையே நடந்த பெருஞ்சோதனையில், இலவசக் கவசமும் இடைவிடாத அறிவுறுத்தலும் சேர்ந்து அணிவோர் தொகையை நூற்றுக்கு 13இலிருந்து 42ஆக உயர்த்தின. நோய்க்குறியோடு இரத்தத்திலும் தொற்று உறுதியானோர் தொகை நூற்றுக்கு 9 குறைந்தது. அறுவைக்கூடக் கவசம் வழங்கிய ஊர்களில் 11. அவ்வூர்களில் அறுபது வயதிற்கு மேற்பட்டோரிடையே 35. துணிக்கவசம் வழங்கிய ஊர்களில் பயன் தெளிவுறவில்லை. இங்கு அணிந்தாரும் அயலாரும் பெற்ற நன்மை கலந்திருப்பதால், அணிந்தார் பங்கு இவ்வளவென்று பிரித்துக் கூறலாகாது. 2023இல் நார்வேயில் ஏறத்தாழ 4,600 பேரிடையே நிகழ்ந்த சோதனையில் இருமல், சளி முதலிய தொல்லை உற்றதாகக் கூறியோர் அணியச் சொல்லப்பட்ட பகுதியில் நூற்றுக்கு 8.9, மற்றதில் 12.2. தாம் அணிந்ததை அறிந்தவர் தாமே கூறியது ஆதலின், இதனையும் அட்டியின்றி ஏற்பதற்கில்லை. துணிக்கவசத்தைப் பற்றிய கசப்பான செய்தி வியட்நாமிலிருந்து 2015லேயே வந்தது. ஹனோய் நகரத்து வைத்தியசாலைகளில் துணி அணிந்த ஊழியர், அறுவைக்கூடக் கவசம் அணிந்தோரினும் மிகுதியாகக் காய்ச்சலுற்றனர். அத்துணியினூடே துகள்களில் நூற்றுக்கு 97 நுழைந்துவிட்டன. இதனை அறிந்திருந்தும், எந்தத் துணியானாலும் சரி என்று உலகத்து அரசுகள் பல 2020இல் கூறின. கைக்குட்டையை மூக்கின்மேற் கட்டியவனை விட்டு, திறந்த சாலையில் தனியே மிதிவண்டியிற் சென்றவனை நிறுத்தி அபராதம் வாங்கிய காட்சிகளும் உண்டு. கவசத்தின் நற்பெயரைக் கெடுத்தோர் அதன் பகைவர் மட்டுமல்லர்.

இச்சோதனைகளையெல்லாம் தொகுத்த காக்ரேன் ஆய்வுரை 2023 ஜனவரியில் வெளிவந்தது. கவசத்தால் வேறுபாடு சிறிதேயென்றோ இல்லையென்றோ தோன்றும்படி அதன் முடிவு எழுதப்பட்டிருந்ததனால், கவசம் பயன்படாது என்று பத்திரிகைகள் முழங்கின. மார்ச்சு மாதத்தில் அதன் தலைமைப் பதிப்பாசிரியரே முன்வந்து, அவ்வாறு பொருள்கொள்ளுதல் தவறு, சான்றுகள் ஒரு முடிவிற்கும் போதா என்பதே கருத்து என விளக்கினார். முழக்கத்தைக் கேட்டவருள் விளக்கத்தைக் கேட்டவர் எத்தனை பேரோ!

இதனினும் கடினமான ஒரு வினா உண்டு. என்95 அவ்வளவு சிறந்ததாயின், வைத்தியசாலைகளில் அறுவைக்கூடக் கவசத்தினும் அது தெளிவாக மேம்படவேண்டுமன்றோ? கனடா, இஸ்ரேல், பாகிஸ்தான், எகிப்து ஆகிய நாடுகளில் 29 நிலையங்களில் 1,009 ஊழியரிடையே ஒப்பிட்டு 2022இல் வெளியிட்டபோது, தொற்றுற்றோர் என்95 பகுதியில் நூற்றுக்கு 9.3, மற்றதில் 10.5. பெரிய வேறுபாடு காணப்படவில்லை. இதனை மறைத்து எழுதுதல் நேர்மையன்று. ஆயின், தாதி ஒருத்தி நோயாளியின் அருகில் மட்டும் வாழ்பவளல்லள். பேருந்தில் வருகின்றாள், சாளரமற்ற சிற்றறையில் தோழியரோடு கவசத்தைக் கழற்றிவைத்து உணவு உண்கின்றாள், வீட்டில் பிள்ளைகளோடு உறங்குகின்றாள். நோய் எங்கும் நிறைந்த காலத்தில், பணிநேரத்துக் கவசத்தின் பயன் பிற நேரத்துத் தொற்றினால் மூடப்பட்டுப் போகும். கேம்பிரிட்ஜிலுள்ள ஆடன்புரூக்ஸ் வைத்தியசாலையில், கோவிட் நோயாளர் பகுதியில் அறுவைக்கூடக் கவசத்தோடு பணியாற்றிய ஊழியர் மற்றப் பகுதியினரினும் மிகுதியாக நோயுற்று வந்தனர்; 2020இன் இறுதியில் அவர்களுக்கு எப்.எப்.பி.3 என்னும் இறுக்கமான உயர்தரக் கவசம் அளித்தபின், அம்மிகை ஏறத்தாழ மறைந்தது. இது சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனையன்று. ஆதலின் இதன் நிறையும் சிறிது குறைவே. இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குமிடத்து, பௌதிகமும் அனுபவமும் ஒரு திசையையே சுட்டுகின்றன என்று யாம் கருதுகின்றோம்.

இழப்புகளும் இல்லாமலில்லை. நம் நாட்டு வெயிலில் இறுக்கமான கவசத்தை எட்டு மணி நேரம் அணிதல் எளிதன்று. மூக்கின்மேல் புண் விழுந்த தாதியரைக் கண்டிருக்கின்றோம். செவிப்புலன் குன்றியோர் உதட்டசைவைக் கண்டே பேச்சை உணர்பவர். அவர்களுக்கு முகமூடிய உலகம் வாய்மூடிய உலகமாயிற்று. வகுப்பின் கடைவரிசையில் அமர்ந்த மாணாக்கர் ஆசிரியரது சொல்லைப் பாதியே கேட்டனர். ஆகவே, எல்லாரும் எப்போதும் அணிக என்று சட்டமியற்றுவதில் எமக்கு உடன்பாடில்லை. நோய் பரவும் காலத்தில், நெருங்கிய மூடிய இடங்களில், முதியோரும் நோயுற்றோரும் அவர்தம்மைப் பேணுவோரும் நல்ல கவசத்தைப் பொருந்த அணிதலே தக்கது. சாளரங்களைத் திறந்துவைத்தலுக்கு ஈடாக அதனைக் கொள்ளாமல் அதனோடு சேர்த்துக் கொள்ளல் வேண்டும். அணிந்தாரைக் காத்தலும் அயலாரைக் காத்தலும் வேறு வேறு என்பதனையும் மறத்தலாகாது. நடுவில் வெளிமூச்சு வால்வு பொருத்திய என்95 கவசம் அணிந்தாரைக் காப்பதிற் குறைவுடையதன்று. ஆயின் அவர் விடும் மூச்சு அவ்வாயில் வழியே வடிகட்டப்படாது வெளியேறும். இதுபற்றியே அவ்வகை வேண்டாவென்று இந்திய அரசின் சுகாதாரத் துறையினர் 2020 ஜூலையில் எச்சரித்தனர்.

நோயாளரைப் பேணுவோர் திறத்திலோ எமக்கு இரு கருத்து இல்லை. மூச்சுவழி நோயுள்ள அறைக்குள் ஒருவரை அனுப்பும் நிலையம், அவர் முகத்திற்குப் பொருந்திய என்95 கவசத்தை அளித்தல் கடன், அது கொடையன்று. மெல்லிய நீலத்துணியைக் கொடுத்து, ‘வீராங்கனை’ என்று பட்டமுஞ் சூட்டி உள்ளே அனுப்புதல் அநீதி. பொருந்தியதா என்று அறியும் சோதனைக்கும் பெருஞ்செலவில்லை. நம் பழைய மாணவருள் வைத்தியசாலை நடத்துவோர் இதனை ஒரு பிற்பகலிற் செய்து முடிக்கலாம். முதலில் கவசமின்றிச் சாக்கரின் கலந்த நீரின் மென்தூவலைச் சுவாசிக்கச் செய்து, அவர் இனிப்பை உணரவல்லாரா என்று பார்க்கின்றனர். பின்னர் கவசத்தை அணிவித்து, தலைக்குமேல் ஒரு கூடு கவிழ்த்து, அதனுள் அத்தூவலைச் செலுத்துகின்றனர். அணிந்தவர் ஆழமாக மூச்சிழுத்தும், தலையை இருபுறமும் மேலுங்கீழும் அசைத்தும், உரக்கப் பேசியும் காட்டல் வேண்டும். நாவில் இனிப்புத் தட்டாவிடின் கவசம் பொருந்தியது. தட்டுமாயின் பட்டையைச் சரிசெய்து மீண்டும் சோதித்து, அப்போதும் தட்டினால் வேறோர் அளவையேனும் வேறோர் உருவத்தையேனும் எடுத்து அணிவித்துப் பார்க்கின்றனர்.